பழைய குண்டுக்குப் புது வால்: குறி தப்பவே தப்பாதா?

#1 ஆரல்காத்து (ஆரல்வாய்மொழி)

நேத்து சாயங்காலம் டீக்கடையில எங்க மாமாவுக்கும் எனக்கும் ஒரே வாக்குவாதம். டிவியில போர்ச் செய்தி ஓடிட்டிருந்தது. சாதாரண குண்டுக்குப் பின்னால ஒரு வால மாட்டிட்டா அது தானே 25 கிலோமீட்டர் தேடிப் போய் அடிக்கும், ஒரு அடி கூடத் தப்பாதுன்னு மாமா அடிச்சுச் சொல்றாரு. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். இஞ்சினே இல்லாத சாமான் எப்படி மாமா 25 கிலோமீட்டர் போகும்னு கேட்டேன். "ஒனக்கு காலேஜ்ல என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கானுவளோ"ன்னுட்டு எனக்கும் சேத்து டீக்காசு குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

என் சந்தேகம் ரெண்டு. இஞ்சின் விஷயம் ஒண்ணு. இன்னொண்ணு காத்து. முப்பந்தல் பக்கம் ஆடி மாசம் பைக்ல போனா நம்மள ரோட்டு ஓரத்துக்குத் தள்ளிடும். அப்படி இருக்கையில அஞ்சாறு கிலோமீட்டர் மேலருந்து போடுற குண்டு சொன்ன எடத்துல எப்படி விழும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, மாமாகிட்ட மானம் போகுது.

#2 வெட்டூர்ணிமடம் வேலன்

மாமா டீக்காசு குடுத்தாரா? இழையோட தலைப்பே அதுதான் வச்சிருக்கணும்.

#3 கணக்குவாத்தியார் (தக்கலை)

தம்பி, முதலில் வாலில்லாத குண்டின் கணக்கைப் பார்ப்போம். பிறகு வாலுக்கு வரலாம். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடு.

6 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 35 விநாடி ஆகும். விமானம் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தால் குண்டுக்கும் அதே வேகம் இருக்கும். ஆகவே அது கீழே விழுவதற்குள் முன்பக்கமாக எட்டே முக்கால் கிலோமீட்டர் போய்விடும். நாகர்கோவில் மேல் விட்டால் சுசீந்திரத்தையும் தாண்டிவிடும். இஞ்சின் இல்லாமல் எப்படிப் போகும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது. அந்த உயரமும் வேகமும்தான் அதற்குப் பெட்ரோல். விமானம் முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. இன்னும் உயரத்தில், இன்னும் வேகத்தில் விட்டு, வழியில் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் 25 கிலோமீட்டர் ஒன்றும் அதிசயம் இல்லை.

பிழைக்கு வருவோம். பைலட் பொத்தானை அழுத்துவதில் பத்தில் ஒரு விநாடி பிசகினாலே 25 மீட்டர் போயிற்று. அதன்மேல் அந்த 35 விநாடியும் வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு திசையில் அடிக்கும் காற்று. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் இரவுக் குண்டுவீச்சைப் புகைப்படங்களை வைத்துச் சோதித்தார்கள். 1941 ஆகஸ்டில் வந்த பட் அறிக்கை அது. இலக்கைத் தாக்கியதாகக் கணக்கு எழுதிய விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைல் சுற்றளவுக்குள்ளாவது போயிருந்தது. 5 அடி இல்லை, 5 மைல்.

#4 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

வாத்தியார் சொன்னது செரி. நான் ஏர்ஃபோர்ஸ்ல குண்டு, ஆயுதமெல்லாம் பாக்குற ஆர்மமென்ட் ட்ரேடுல இருந்து ரிட்டயர் ஆனவனாக்கும். பேப்பர்ல, புக்குல வந்தத மட்டும் சொல்லுதேன். அதுக்கு மேல கேட்டா எனக்கு காது கேக்காது.

குண்டுங்கறது உண்மையில வெறும் இரும்புக் கூடு, உள்ள வெடிமருந்து. ஆயிரம் பவுண்டு குண்ட ட்ராலியில தள்ளிட்டு வந்து ரெக்கைக்கு அடியில ஏத்துறது மாடு பிடிக்கிற வேலை. முன்னால வெடிக்க வைக்கிற ஃபியூஸ், பின்னால தகரத்துல ஒரு வால். அந்த வால் அசையாது. குண்டு உருளாம மூக்கு முன்னாலயே இருந்து போக அது போதும், அவ்வளவுதான் அதோட சோலி. கிட்டுன்னு சொல்றது இந்தத் தகர வாலக் கழத்திட்டு வேற வால் போடுறது. அமெரிக்காக்காரனோட ஜேடாம்ங்கற கிட்டையே எடுத்துக்கிடுங்க. போயிங் கம்பெனி செய்றது. வாலுக்குள்ள ஒரு ஜிபிஎஸ், அசைவ அளக்குற கைரோ எல்லாம் வச்ச பெட்டி, சின்னக் கம்ப்யூட்டர், துடுப்பத் திருப்புற மோட்டார். குண்டோட நடு ஒடம்புல வார் மாதிரி கட்டுற தகட்டுச் செறகு தனி. அது கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், வாத்தியார் கேட்ட 'தூக்கிப் பிடிக்கிற' சாமான் அதான். பேட்டரி விசேஷமானது. வருசக்கணக்கா குடோன்ல செத்த மாதிரி கெடக்கும், விடுற நேரத்துலதான் உள்ள சூடேறி உயிர் வரும்.

ரெக்கையில தொங்குற வரைக்கும் விமானத்துலருந்து ஒரு கேபிள் குண்டுக்குப் போவுது. இப்ப நாம இன்ன எடத்துல இருக்கோம், இன்ன வேகம், நீ போகவேண்டியது இன்ன எடம்னு விமானம் அதுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். விட்டதும் கேபிள் அறுந்து போவும். அதுக்கப்புறம் குண்டு தனியாக்கும். காத்து இடது பக்கம் தள்ளுனா துடுப்பத் திருப்பி வலது பக்கம் வரும். முப்பந்தல் காத்துக்குப் பதில் அதுதான் தம்பி. காத்த ஜெயிக்கிறது இல்ல, தள்ளுனத அப்பப்ப திருத்திக்கிறது.

#5 குளச்சல் கச்சான்

சார், அப்போ இந்த லேசர் குண்டுன்னு சொல்றது? கார்கில்ல நம்மாளுங்க போட்டது அதுதானே?

#6 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

ஆமா, அது வேற ஜாதி. அதுல கண்ணு மூக்குல இருக்கும், பேவ்வே கிட்டுன்னு பேரு. மூக்கு நுனியில இறகுப்பந்து மாதிரி ஒரு வளையம் பாத்திருப்பீங்க. காத்து வர்ற தெசைக்கு அந்தத் தல தானாத் திரும்பிக்கிடும், அதாவது குண்டு போய்க்கிட்டிருக்கற தெசைக்கு. அதுக்கு நேர வச்சுப் பாத்து, லேசர் வெளிச்சம் பட்ட புள்ளி எந்தப் பக்கம் தெரியுதுன்னு கணக்குப் போட்டு முன்னால உள்ள சின்னத் துடுப்ப அசைக்கும். ஆனா யாராவது ஒருத்தன் கடைசி வரைக்கும் அந்தப் புள்ளியில லேசரப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். மேகம் வந்தா போச்சு, புகை வந்தா போச்சு.

1999 ஜூன் 24 டைகர் ஹில்லுல மிராஜ் விமானம் போட்டது லேசர் குண்டு. ஆனா ஒண்ணு. அதுக்கு ஒரு வாரம் முன்னால ஜூன் 17ல முந்தோ தாலோவுல பாகிஸ்தான்காரனோட சப்ளை முகாம அழிச்சது சாதாரண குண்டு. மிராஜுல இருந்த கம்ப்யூட்டர் விடவேண்டிய நேரத்தக் கணக்குப் போட்டுக் குடுத்துது, அம்புட்டுதான். அந்தப் போர்ல லேசர் குண்டு விழுந்தத விரல்விட்டு எண்ணிடலாம். டிவிக்காரன் டைகர் ஹில் படத்தையே போட்டுப் போட்டு எல்லாம் லேசர்தான்னு ஆக்கிட்டான்.

#7 பார்வதிபுரம் பாலம்

மேகம், புகை என்று சார்ஜன்ட் சொன்னதுதான் ஜேடாம் பிறந்த காரணம். 1991 வளைகுடாப் போரில் எண்ணெய்க் கிணறு எரிந்த புகையிலும் மேகத்திலும் லேசர் குண்டுகள் திணறின. எந்த வானிலையிலும் போடக்கூடிய, விலை மலிவான ஒன்று வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் இறங்கினார்கள். ஒன்றுக்கு 40,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று கறாராகச் சொல்லப்பட்டது, அதற்கும் கீழேயே செய்து முடித்தார்கள். ஒரு டோமஹாக் ஏவுகணை பத்து லட்சம் டாலருக்கு மேல். கிடங்கில் ஏற்கெனவே மலைபோல் குண்டு கிடக்கிறது, வால் மட்டும் வாங்கினால் போதும். இதுவரை 5 லட்சத்துக்கு மேல் கிட் செய்துவிட்டார்கள்.

குண்டை வழிநடத்தும் யோசனை பழசு. 1943 செப்டம்பர் 9ஆம் தேதி ஜெர்மானியர்கள் ரேடியோவால் ஓட்டிய குண்டைப் போட்டு ரோமா என்ற இத்தாலியப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். அமெரிக்கர்களிடம் ஏசான் என்று ஒன்று. சாதாரண ஆயிரம் பவுண்டு குண்டுக்கு மாட்டும் வால்தான், இன்றைய கிட்டுக்குத் தாத்தா. இடது வலதாக மட்டும்தான் திருப்ப முடியும், முன்பின் முடியாது. வாலில் ஒரு தீப்பந்தம் எரியும், மேலே இருப்பவன் அதைப் பார்த்துக்கொண்டே ரேடியோவில் திருப்புவான். முன்பின் தேவைப்படாத இலக்கு எது? பாலம். நீளவாக்கில் பறந்து வந்து போட்டால் எங்கேயாவது ஓரிடத்தில் விழும். 1944 கடைசியில் இருந்து பர்மா ரயில் பாலங்களை அப்படித்தான் உடைத்தார்கள்.

பர்மா என்றதும் எங்கள் ஆச்சி ஞாபகம். ஆச்சியின் அண்ணன் ரங்கூனில் கடையில் கணக்கெழுதினார். 1941 டிசம்பர் 23 ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது கடையில்தான் இருந்தாராம். நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். சாகும்வரை தீபாவளி அன்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார். நாங்கள் சிறுசுகள் எட்டிப் பார்த்துச் சிரிப்போம்.

#8 புதுமுகம்2

இத நம்மளே ஆர்டுயினோ, ட்ரோன் மோட்டார் வச்சு

(மட்டுறுத்துநர்: மீதி நீக்கப்பட்டது. செய்முறை பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.)

#9 வள்ளவிளை வள்ளம்

நான் கடல்காரன். குண்டு பத்தி ஒண்ணும் தெரியாது, ஜிபிஎஸ் பத்தித் தெரியும். வாயிச்சுட்டு சும்மா இருக்க முடியல்ல, ஒரு காரியம் சொல்லுகேன்.

எங்க தொழில்ல பாரு முக்கியம். பாருன்னா கடலுக்கடியில உள்ள பாறை, கலவா மீனெல்லாம் அங்கதான் நிக்கும். எங்க அப்பன் காலத்துல கணியம் பாத்துதான் பாரு கண்டுபிடிச்சாவ. ஒரு மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே வரியில நிறுத்துவாவ, வேற பக்கம் இன்னொரு மலையையும் ஒரு தென்னங்கூட்டத்தையும் இன்னொரு வரியில நிறுத்துவாவ. ரெண்டு வரியும் முட்டுற எடம் பாரு. இப்போ எல்லாவன் கையிலயும் ஜிபிஎஸ்.

கொல்லம் பக்கத்துலருந்து வந்த ஒரு கூட்டாளி போன்ல ஒரு நம்பர் சொன்னான். எட்டு டிகிரி, பதினொண்ணு, நாப்பத்தஞ்சு. நல்ல பாரு, போய்ப் பாருன்னான். நான் மிஷின்ல 8 டிகிரி 11 நிமிஷம் 45 செகண்டுன்னு அடிச்சேன். விடியக்காலம் மூணு மணிக்குப் போய் அந்த எடத்துல கச்சிதமா நின்னாச்சு. மிஷின் பூஜ்யம் காட்டுது. தூண்டில எறக்குனா ஒரு மண்ணும் இல்ல. ஆழம் பாக்குற எக்கோ மிஷின்ல பாத்தா தரை பாய விரிச்ச மாதிரி கெடக்கு. டீசல் 40 லிட்டர் போச்சு. கரைக்கு வந்து அவனைப் பிடிச்சுத் திட்டினா, "எடே நான் சொன்னது 11 பாயின்ட் 45 ஆக்கும்"ங்கறான். அவன் மிஷின்ல செகண்டு கெடையாது, பாயின்ட்தான்.

மிஷின் தப்பா? இல்ல. அது சொன்ன எடத்துல என்னக் கொண்டு நிறுத்திச்சு. பாரு அங்க இல்ல, அம்புட்டுதான். தம்பியோட மாமாகிட்ட இதச் சொல்லுங்க.

#10 கணக்குவாத்தியார் (தக்கலை)

அருமை ஐயா. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 11.45 நிமிஷம் என்றால் 11 நிமிஷம் 27 விநாடி. நீங்கள் அடித்தது 45 விநாடி. வித்தியாசம் 18 விநாடி, அதாவது 0.3 நிமிஷம். அட்சரேகையில் ஒரு நிமிஷம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். ஆக 556 மீட்டர் வடக்கே தள்ளி நின்றிருக்கிறீர்கள். கையிலிருந்த கருவியின் பிழை 5 மீட்டருக்குள் இருந்திருக்கும். தசமப் புள்ளியை விநாடியாக எடுத்துக்கொண்டதில் அதைவிட நூறு மடங்கு பிழை.

#11 பார்வதிபுரம் பாலம்

வள்ளம் அண்ணன் சொன்னது அப்படியே பெல்கிரேடில் நடந்தது. 1999 மே 7 இரவு அமெரிக்க பி-2 விமானம் ஐந்து ஜேடாம் போட்டது. ஐந்தும் சொன்ன கட்டடத்தில்தான் விழுந்தன. அது சீனத் தூதரகம். மூன்று சீனர்கள் செத்தார்கள். அடிக்க நினைத்தது யூகோஸ்லாவிய ராணுவத் தளவாடக் கொள்முதல் அலுவலகத்தை. தெரு எண்ணை வைத்து இடத்தை ஊகித்தார்கள், கையிலிருந்த வரைபடத்தில் தூதரகம் பழைய இடத்திலேயே இருந்தது என்று அமெரிக்கா விளக்கம் சொன்னது. சீனா அதை ஏற்கவில்லை. எது எப்படியோ, வால் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் காந்தகாருக்கு வடக்கே. தரையில் இருந்த அமெரிக்க வீரர் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் எதிரியின் இடத்தைக் குறித்துவைத்திருக்கிறார். பேட்டரி தீர்ந்துபோனது. புது பேட்டரி போட்டதும் கருவி, தான் இருக்கும் இடத்தின் எண்ணைக் காட்டியது. பழக்கமே அப்படி அதற்கு. அவர் அதைக் கவனிக்காமல் மேலே படித்துச் சொல்லிவிட்டார். பி-52 விமானம் போட்ட 2,000 பவுண்டு ஜேடாம் நேராக அவர்கள் தலையிலேயே வந்து விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் கூட இருந்த ஆப்கானியர்களும் இறந்தார்கள். அங்கே இருந்த கர்சாய் சிறு காயத்தோடு தப்பினார். அதே நாளில்தான் பான் நகரத்தில் அவரை ஆப்கானிஸ்தான் இடைக்காலத் தலைவராக முடிவு செய்தார்கள்.

#12 ஆரல்காத்து (ஆரல்வாய்மொழி)

படிச்சுட்டுக் கை நடுங்குது. பேட்டரி மாத்துனதுக்கா? சார்ஜன்ட் சார், அப்போ ஜேடாம் துல்லியம் 13 மீட்டர்னு போட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

#13 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

ஜேடாமுக்கு ஜிபிஎஸ் கெடச்சா 13 மீட்டர், கெடைக்காம கைரோவ மட்டும் நம்பிப் போனா 30 மீட்டர்னு எழுதியிருப்பான். நெசத்துல அதவிட நல்லாவே விழுது. ஆனா எல்லாக் குண்டும் 13 மீட்டருக்குள்ளன்னு அர்த்தம் இல்ல பாத்துக்கிடுங்க. நூறு போட்டா அம்பது இலக்கச் சுத்தி அந்த 13 மீட்டர் வட்டத்துக்குள்ள. மிச்சம் அம்பது வெளிய. ரொம்ப வெளிய இல்ல, ஆனா வெளியதான்.

உயரத்த யாரும் சொல்றதில்ல. எடத்தோட நீளம் அகலம் செரியா இருந்து உயரம் தப்பா இருந்தாலும் குண்டு தப்பும். சாய்வா வர்ற குண்டு தரை எங்க இருக்குன்னு நெனைக்குதோ அங்க முட்டப் பாக்கும். 45 டிகிரி சாய்வுல வந்தா 10 மீட்டர் உயரப் பிழை 10 மீட்டர் தள்ளி விழுறதா மாறிடும். நம்ம வேளிமலை மாதிரி எடத்துல ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் என்ன உயர வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க.

#14 குளச்சல் கச்சான்

நம்ம ஊர்ச் சாமான் பத்தி யாரும் பேசலியே. 2024ல கௌரவ்னு ஒரு கிட் டெஸ்ட் பண்ணாங்கல்லா?

#15 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

கௌரவ் கிட் இல்ல மக்கா. ஆயிரம் கிலோ ரகத்துல, செறகு வச்சு மொத்தமாவே புதுசாச் செஞ்ச குண்டு. ஹைதராபாத்துல உள்ள ஆர்சிஐங்கற அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தோட வேலை. 2024 ஆகஸ்ட் 13ல சுகோய் விமானத்துலருந்து ஒடிசா கடலோரம் விட்டாங்க. அடுத்த ஏப்ரல் சோதனையில கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் போச்சுன்னு அரசாங்கமே அறிவிச்சுது. கிட்டுன்னா சுதர்சன். பெங்களூர்ல உள்ள ஏடிஈங்கற அதே மாதிரி ஆராய்ச்சிக்கூடம் செஞ்ச லேசர் கிட், 450 கிலோ குண்டுக்கு மாட்டுறது.

பாலகோட்டுல 2019 பிப்ரவரி 26ல போட்ட ஸ்பைஸ் 2000 இஸ்ரேல் கிட். அதுதான் இதுல படிச்ச புள்ள. இலக்கோட படத்த முன்னாடியே உள்ள ஏத்தி வச்சிருப்பாங்க. கிட்டப் போனதும் மூக்குல உள்ள கேமரா கீழ பாத்து, ரெண்டு படத்தையும் ஒப்பிட்டுத் திருத்திக்கும். ஜிபிஎஸ் இல்லாட்டியும் பரவாயில்ல.

#16 வள்ளவிளை வள்ளம்

அது கணியம்லா சார்! மலையும் கோபுரமும் பாத்து நிக்கிறதுதானே. லேசர்னா கரையில நின்னு ஒருத்தன் டார்ச் அடிக்கிறது. ஜிபிஎஸ்னா நம்பர். அந்தக் கைரோன்னு சொன்னது, மூடுமஞ்சுல ஒண்ணும் தெரியாதப்போ இவ்வளவு நேரம் இந்த வேகத்துல வந்தோம்னு மனசுல எண்ணிக்கிட்டு வர்றது. எல்லாம் எங்க அப்பன் செஞ்சதுதான்.

#17 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

அண்ணே, நான் 20 வருசம் கிளாஸ் எடுத்தும் இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்ல.

#18 வெட்டூர்ணிமடம் வேலன்

ஜிபிஎஸ் சிக்னல ஜாம் பண்ணி அடைச்சிட்டா? உக்ரைன்ல அதானே நடக்குது.

#19 பார்வதிபுரம் பாலம்

ஆம். 2023 தொடக்கத்தில் உக்ரைனுக்குச் செறகு வைத்த ஜேடாம் போனது, 70 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. கொஞ்ச நாளிலேயே ரஷ்யர்களின் ஜாமிங்கால் குறி பிசக ஆரம்பித்தது. செயற்கைக்கோளில் இருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது அவ்வளவு மெலிது. திருவிழா மைக்செட் பக்கத்தில் காதில் ரகசியம் சொல்வது மாதிரி.

ரஷ்யர்களும் அதே வித்தையைத்தான் செய்தார்கள். சோவியத் காலத்து ஃபாப் குண்டுகள் கிடங்குகளில் கிடந்தன. அவற்றுக்கு விரியும் செறகும் வழிகாட்டியும் வைத்த கிட். படத்தைப் பார்த்தால் நம்ம ஊர் லேத் பட்டறையில் வெல்டிங் அடித்த மாதிரி முரடாக இருக்கும். ஆனால் வேலை செய்தது. விமானம் எதிரியின் ஏவுகணைக்கு எட்டாத தூரத்தில் நின்று விட்டுவிட்டுத் திரும்பிவிடும். முதலில் 500 கிலோ, பிறகு 1,500, 2024 கோடையில் 3,000 கிலோ. துல்லியம் போதாத இடத்தில் எடையைக் கூட்டிக்கொண்டார்கள்.

என் கோபமே அங்கேதான். துல்லியக் குண்டு என்றாலே ஏதோ ஆப்பரேஷன் கத்தி மாதிரி ஒரு பேச்சு. 2,000 பவுண்டு மார்க் 84 குண்டுக்குள் 429 கிலோ வெடிமருந்து. அது 3 மீட்டர் துல்லியத்தில் விழுந்தால் பக்கத்துத் தெருக்காரனுக்கு என்ன லாபம்? சில்லுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். காசாவில் ராஃபா நகரத்தை நினைத்துத்தான் 2024 மே மாதம் அமெரிக்காவே இஸ்ரேலுக்குப் போகவிருந்த இந்த 2,000 பவுண்டு குண்டுகளின் ஒரு தொகுதியை நிறுத்தி வைத்தது.

#20 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

பாலம் தம்பி, கோவம் நியாயம். ஆனா கிட் இல்லாத காலம் இதவிட மோசம். வியட்நாம்ல 'தான் ஹோவா'ங்கற பாலத்த 1965லருந்து நூத்துக்கணக்குல விமானம் போய் அடிச்சும் விழத்தட்ட முடியல. 1972 மே மாசம் லேசர் குண்டுதான் அதச் சாய்ச்சுது. அந்த ஏழு வருசம் தப்புன குண்டெல்லாம் எங்க விழுந்துது? சுத்தி இருந்த ஊர்லதான்.

#21 பார்வதிபுரம் பாலம்

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் தப்பாது என்ற தைரியத்தில், முன்பு ஊருக்குள் போடத் தயங்கியவனும் இப்போது போடுகிறான். இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

#22 ஓய்வுசார்ஜன்ட் (மார்த்தாண்டம்)

ஒத்துப்போகாட்டி என்ன. ஞாயித்துக்கிழம கடைக்கு வாங்க, சண்ட போடலாம்.

#23 ஆரல்காத்து (ஆரல்வாய்மொழி)

மாமாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். பெல்கிரேடுக்கு ஒண்ணும் சொல்லல. பேட்டரி கதைக்கும் ஒண்ணும் சொல்லல. வள்ளம் அண்ணன் 40 லிட்டர் டீசல் போச்சுன்னதும் "அய்யோ பாவம்"னாரு. அப்புறம், "அந்தப் பாரு கடைசியில கெடச்சுதான்னு கேளு"ங்கறாரு.

#24 வள்ளவிளை வள்ளம்

கெடச்சு. மறுநாள் பாயின்ட் போட்டு அடிச்சுப் போனோம், கலவா நாலு பெட்டி.

#25 குளச்சல் கச்சான்

அண்ணே, எட்டு டிகிரி பதினொண்ணு பாயின்ட் நாப்பத்தஞ்சு இங்க போட்டுட்டீங்க. அந்தக் கெழக்கு நம்பரையும் சொன்னா நானும் ஒரு நாள்

#26 வள்ளவிளை வள்ளம்

எடே, அத மட்டும் கேக்கப்பிடாது.